பதினோராயிரம் பக்கங்களில் பிறந்த படைமுகாம்

பசிபிக் பெருங்கடலில் மரியானா தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது குவாம். பரப்பளவு 549 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்தது. இங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனாலும் அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. வாஷிங்டனுக்கு அவர்கள் அனுப்பும் ஒரே பிரதிநிதியும் சட்டங்கள் மீதான இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது. தீவின் நிலத்தில் கால் பங்குக்கு மேல் ராணுவத்திடம் இருக்கிறது. இந்தத் தீவில் 2020 அக்டோபர் 1-ஆம் தேதி கேம்ப் ப்ளாஸ் என்ற முகாம் முறைப்படி பிறந்தது. 1952-க்குப் பிறகு அமெரிக்க மரைன் படைக்கு அமைந்த முதல் புதிய தளம் அது. மரைன் படையில் ஜெனரல் பதவிக்கு உயர்ந்த முதல் சமோரோ (குவாமின் பூர்வகுடி) இனத்தவரான விசென்டே ப்ளாஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

முகாமின் விதை விழுந்த இடம் குவாம் அல்ல, ஜப்பானின் ஓகினாவா. 1995 செப்டம்பரில் மூன்று அமெரிக்கப் படையினர் அங்கே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஓகினாவா கொந்தளித்தது. தீவில் இருக்கும் அமெரிக்கப் படையைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி ஆண்டுக்கு ஆண்டு வலுத்தது. 2006 மே மாதத்தில் டோக்கியோவும் வாஷிங்டனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: சுமார் 8,000 மரைன் வீரர்களும் அவர்கள் குடும்பத்தினர் 9,000 பேரும் 2014-க்குள் குவாமுக்கு இடம் மாறுவார்கள், ஆயிரம் கோடி டாலரைத் தாண்டும் செலவில் பாதிக்கு மேல் ஜப்பான் தரும். ஓகினாவா மக்களின் குமுறல் நியாயமானது. ஆனால் அந்தச் சுமை எங்கே போய் இறங்கவேண்டும் என்று பேசிய மேசையில் குவாம்காரர் ஒருவருக்கும் நாற்காலி இல்லை.

அவர்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சட்டம். 1969-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடற்கரையில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடல் கறுத்தது. அதே ஆண்டு ஒஹையோவின் கயஹோகா ஆறு தீப்பிடித்தது. அந்த ஆண்டில்தான் இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டன் கால்டுவெல் செனட் குழுவின் முன் ஒரு யோசனை சொன்னார். இயற்கையைக் காப்போம் என்று அரசு அறிவித்தால் மட்டும் போதாது, அறிவித்ததைச் செய்யவைக்கும் கட்டாயமும் சட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றார். செனட்டர் ஹென்றி ஜாக்சன் அதைப் பிடித்துக்கொண்டார். 1970 ஜனவரி 1-ஆம் தேதி அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் அந்த யோசனை இடம்பெற்றது. மத்திய அரசின் எந்தத் துறையும் பெரிய வேலை ஒன்றைத் தொடங்கும் முன் அதன் விளைவுகளையும் மாற்று வழிகளையும் விரிவாக எழுதிவைக்கவேண்டும். பின்னால் வந்த விதிகள், அந்த அறிக்கையை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்கவேண்டும், வந்த கருத்துகளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று சேர்த்தன. ராணுவத்துக்கு இதிலிருந்து பொது விலக்கு கிடையாது. என் மதிப்பில் இந்தச் சட்டத்தின் பெரிய துணிச்சல் இதுதான்.

2009 நவம்பரில் அமெரிக்கக் கடற்படை குவாம் விரிவாக்கத்துக்கான வரைவு அறிக்கையை வெளியிட்டது. ஒன்பது தொகுதிகள், ஏறக்குறைய 11,000 பக்கங்கள். படித்துக் கருத்துச் சொல்ல 90 நாள் அவகாசம். வேலைக்குப் போகும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதர் நாளுக்கு 120 பக்கத்துக்கு மேல் படித்தால்தான் கடைசிப் பக்கத்தைத் தொட முடியும். அதுவும் நீரியல், மண்ணியல், ஒலி அளவீடு, விமானப் பாதை என்று துறைசார்ந்த மொழியில் எழுதிய பக்கங்கள். பக்கங்களைக் குவிப்பதும் ஒருவகையில் மறைப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குவாம் மக்கள் அந்தக் குவியலைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். 'வீ ஆர் குவாஹான்' என்ற பெயரில் இளைஞர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்தார்கள். ஆளுக்குச் சில அத்தியாயம் எடுத்துப் படித்து, புரிந்ததை ஊருக்கு எடுத்துச் சொன்னார்கள். கட்டுமானம் உச்சத்தில் இருக்கும்போது தீவில் கூடுதலாக 79,000 பேர் இருப்பார்கள் என்று அறிக்கையே கணக்குச் சொன்னது. அப்போது தீவின் மொத்த மக்கள்தொகை சுமார் 1,60,000. வருகிறவர்களுக்குக் குடிநீர் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த கழிவுநீர் நிலையங்கள் என்ன ஆகும்? விமானந்தாங்கிக் கப்பல் வந்து நிற்க வசதியாக ஆப்ரா துறைமுகத்தைத் தூர்வாரினால் எழுபது ஏக்கருக்கு மேல் பவளப்பாறை அழியுமே, அதற்கு என்ன பதில்? 2010 ஜனவரியில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டங்களில் அரங்கம் நிறைந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் பதிவாயின. இறுதி அறிக்கையில் அவற்றுக்கென்றே தனித் தொகுதி ஒன்று ஒதுக்கவேண்டி வந்தது.

அடி எதிர்பாராத திசையிலிருந்தும் விழுந்தது. 2010 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வரைவைப் படித்துவிட்டுத் தன் அளவுகோலில் மிகக் கீழான மதிப்பெண்ணைக் கொடுத்தது: திட்டம் சுற்றுச்சூழல் அளவில் ஏற்கத் தக்கதல்ல, தந்திருக்கும் விவரங்களும் போதாதவை. கடற்படையும் மத்திய அரசு, முகமையும் மத்திய அரசு. குடிநீரையும் கழிவுநீரையும் பவளப்பாறையையும் குறித்து ஊர்க்காரர்கள் மூன்று நிமிடத்துக்குள் ஒலிபெருக்கியில் சொல்லி முடித்ததைத்தான் முகமையின் நிபுணர்களும் எழுதியிருந்தார்கள்.

ஆனால் மக்களின் நெஞ்சைத் தொட்ட இடம் பாகாட். தீவின் வடகிழக்குக் கரையில், சுண்ணாம்புப் பாறைச் சரிவுக்குக் கீழே, காட்டுக்குள் மறைந்திருக்கும் பழைய சமோரோ கிராமம் அது. அங்கே இன்றும் லாட்டே கற்களைப் பார்க்கலாம். தூணாக நிற்கும் கல் ஒன்று, அதன் தலையில் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் வளைந்த அடிப்பக்கமும் தட்டையான மேற்பக்கமும் கொண்ட இன்னொரு கல். தூணை ஹலிகி என்றும் மேற்கல்லைத் தாசா என்றும் சொல்வார்கள். இரண்டு வரிசையாக நிற்கும் இந்தக் கற்களின்மேல்தான் அந்தக் காலத்து மரவீடுகள் நின்றன. வீட்டுக்கு அடியிலும் அருகிலும் முன்னோரைப் புதைத்தார்கள். தானியம் இடித்த கல்லுரல்கள் கிடக்கின்றன, மட்பாண்டச் சில்லுகள் மண்ணில் காலில் படுகின்றன. அருகே குகைக்குள் நன்னீர்ச் சுனை ஒன்று இருக்கிறது. காட்டுக்குள் நுழையும் சமோரோ மக்கள், அங்கே குடியிருக்கும் மூதாதையரைப் பாட்டி, தாத்தா என்று விளித்து அனுமதி கேட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்கள்.

இந்தக் கிராமத்துக்கு மேலே உள்ள மேட்டுநிலத்தில் துப்பாக்கிச் சுடுதளங்கள் வரும் என்றது அறிக்கை. குண்டு தவறிப் போனால் விழக்கூடிய ஆபத்து எல்லைக்குள் பாகாட் அடங்கும். சுடும் நாட்களில் யாரும் உள்ளே போக முடியாது. மாற்று இடம் என்று காட்டிய இரண்டும் அதே மேட்டுநிலத்தில்தான் இருந்தன. இதைக் கேட்டபின் ஊரே பாகாட்டுக்கு நடக்கத் தொடங்கியது. அதுவரை அந்தப் பாதையில் கால்வைக்காதவர்களைக் குழு குழுவாக அழைத்துப் போனார்கள். 2010-ல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, அமெரிக்காவில் அழியும் ஆபத்தில் உள்ள பதினோரு இடங்களின் பட்டியலில் பாகாட்டைச் சேர்த்தது. அந்த ஆண்டு நவம்பரில் அந்த அறக்கட்டளையும் குவாமின் வரலாற்றுப் பாதுகாப்பு அமைப்பும் வீ ஆர் குவாஹானும் சேர்ந்து ஹவாயில் உள்ள மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். சட்டம் கேட்பது உண்மையான மாற்று வழிகளை. ஒரே மேட்டின் இரண்டு ஓரங்களை மாற்று என்று காட்டினால் செல்லாது என்பது வாதம். தீர்ப்பு வரை காத்திருக்காமல் 2011-ல் கடற்படை கூடுதல் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டது.

2012-ல் டோக்கியோவும் வாஷிங்டனும் கணக்கை மாற்றி எழுதின. 8,000 சுமார் 5,000 ஆனது. குடும்பத்தினர் 9,000 பேர் என்பது 1,300 ஆனது. பணச் சிக்கல், ஓகினாவா அரசியல் என்று அதற்குப் பல காரணம் உண்டு; குவாம்காரர்களின் கருத்து மட்டுமே அதைச் செய்தது என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் வரைவும் வழக்கும் இழுத்த காலம் இல்லையென்றால், கணக்கு மாறுவதற்குள் பாகாட் மேட்டில் குண்டுச் சத்தம் கேட்டிருக்கும்.

2015-ல் கூடுதல் அறிக்கையும் அதை ஒட்டிய முடிவும் வந்தன. பாகாட் தப்பியது. குடியிருப்பு முகாம் ஃபினிகாயனுக்கு, சுடுதளம் ஆண்டர்சன் விமானப்படைத் தளத்தின் நார்த்வெஸ்ட் ஃபீல்ட் என்ற பழைய விமான ஓடுதளப் பகுதிக்கு. அது ஏற்கெனவே ராணுவ நிலம், ஆகவே புதிதாகப் பிடுங்கவேண்டாம் என்பது கணக்கு. அந்த நிலம் ராணுவ நிலமானது எப்படி என்று கேட்டால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் சமோரோ குடும்பங்களிடமிருந்து எடுக்கப்பட்ட நிலம் அந்த வடக்குப் பகுதியில் நிறைய. சுடுதளத்தின் ஆபத்து எல்லை இப்போது லிட்டெக்யன் எனப்படும் ரிட்டிடியன் வனவிலங்குக் காப்பகத்தின்மேல் விழுந்தது. தீவின் குடிநீரில் பெரும்பகுதி வடக்கின் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில்தான் இருக்கிறது. குவாமில் முதிர்ந்த மரமாக ஒன்றே ஒன்று மட்டும் எஞ்சியிருந்த ஹாயுன் லாகு என்ற மர இனம் சுடுதளம் வரும் வனத்தில்தான் நின்றது. அதைச் சுற்றிச் சிறிது இடம் விட்டுவிட்டு மற்ற சுண்ணாம்புக் காட்டை வெட்டினார்கள். முகாம் நிலத்தைத் தோண்டியபோது பழைய மனித எலும்புகளும் வெளிப்பட்டன. ப்ருட்டேஹி லிட்டெக்யன் என்ற குழு பழைய கேள்விகளோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

முகாம் வரலாமா கூடாதா என்ற கேள்வி இத்தனை பக்கங்களிலும் உண்மையாகத் திறந்திருக்கவே இல்லை. எதுவும் செய்யாமல் விடுவது என்ற வழியையும் அறிக்கை எடைபோடவேண்டும் என்பது சட்டம். எடைபோட்டதாக எழுதவும் செய்தார்கள். ஆனால் முடிவு 2006-லேயே ஆகிவிட்டிருந்தது. மக்களால் அசைக்க முடிந்தது எங்கே, எவ்வளவு, எப்போது என்பவற்றை மட்டுமே. அதைச் சிறிது என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தேசப் பாதுகாப்பு சார்ந்த திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு அளித்திருக்கிறது. இங்கே ஒரு பாகாட் இருந்தால் அதைக் காட்டிப் பேச மக்களுக்குக் கூட்டமும் இராது, ஒலிபெருக்கியும் இராது.

2024 டிசம்பரில் ஓகினாவாவிலிருந்து முதல் நூறு மரைன் வீரர்கள் குவாமுக்கு இடம் மாறினார்கள். அதற்குச் சில வாரம் முன்பு, தீவைச் சுற்றி ஏவுகணைத் தற்காப்புக் கருவிகள் நிறுவும் திட்டத்துக்கான இன்னொரு வரைவு அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்திருந்தது. இந்த முறை பதினாறு இடங்கள்.