சிம்பொனி கேசட் வந்துடுச்சா?

டிஸ்கி: எனக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. வெறும் கேள்வி ஞானம்தான். தப்பு இருந்தா விஷயம் தெரிஞ்ச மக்கள் திட்டாம திருத்துங்க.

2025 மார்ச் 8, சனிக்கிழமை. எனக்கு நைட் ஷிப்ட். ஒரகடத்துல ராத்திரி பன்னிரண்டரைக்கு டீ பிரேக். லண்டன்ல அப்போ சாயங்காலம் ஏழு மணி. ஹாமர்ஸ்மித் அப்போலோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி. கேன்டீன்ல ஒரு கையில டீ கிளாஸ், இன்னொரு கையில செல்போன். ஏதாவது தகவல் வருதான்னு தேய்ச்சிக்கிட்டே இருந்தேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த புது டிரெயினி பையன், "என்னாண்ணே, மேட்சா?"ன்னு கேட்டான். ஆமாம்டா தம்பி, 1993ல ஆரம்பிச்ச மேட்ச்.

1993ல நான் ஸ்ரீபெரும்புதூர்ல ஸ்கூல் படிச்சிக்கிட்டிருந்தேன். கார் ஃபேக்டரி எதுவும் வராத காலம். ஹூண்டாய் கார் வெளியே வந்ததே 1998ல்தான். ஊரைப் பத்திச் சொல்ல ராமானுஜர் கோயில் ஒண்ணு. 91க்கு அப்புறம் ஊர்ப் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரங்க ஒரு மாதிரி பார்த்தாங்க. எங்க மாமா (அம்மாவோட தம்பி) தெருக்கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசிப்பவர். ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா ராஜாவோட சிம்பொனியை லண்டன்ல வாசிச்சு ரெக்கார்டிங் ஆயிடுச்சு, கண்டக்டர் ஜான் ஸ்காட் என்று பேப்பர்ல வந்ததும் மனுஷன் தரையில் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போதெல்லாம் கேசட் கடையில் ஒரே கேள்விதான். "சிம்பொனி கேசட் வந்துடுச்சா?"

வரவில்லை. அந்தப் பதிவு கடைக்கு வரவே இல்லை. கேசட் போய் சிடி வந்தது, கடைக்காரர் செல்போன் ரீசார்ஜ் கடைக்கு மாறினார். மாமா மட்டும் கேள்வியை மாற்றவில்லை. கடைசியில் அது குடும்ப ஜோக் ஆகிவிட்டது. யாராவது கடன் திருப்பித் தரலைன்னா, "சிம்பொனி கேசட் மாதிரிதான்" என்போம். 2011ல் மாமா போய்ச் சேர்ந்தார்.

சொந்தக்கதை போதும், விஷயத்துக்கு வருவோம்.

சிம்பொனி எழுதிய முதல் ஆசியர், முதல் இந்தியர் என்று அன்றைக்குப் பத்திரிகைகளில் வந்தது, இன்றைக்கும் ஃபார்வர்டில் வருகிறது. நான் ராஜா வெறியன். ஆனாலும் இது சரியில்லைங்க. ஜப்பானின் கோசாகு யமாதா பெர்லினில் படித்தபோதே, 1912ல், சிம்பொனி எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் போவானேன்? அதே ராயல் ஃபில்ஹார்மோனிக்கில் 1958 முதல் சில வருஷம் வயலின் வாசித்தவர் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர். ராகத்தையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்து 'டான்ஸஸ் ஆஃப் இந்தியா' எழுதியவர். ஜாஸ்காரர்களோடு 'இண்டோ ஜாஸ் ஃப்யூஷன்ஸ்' நடத்தியவர். 2004ல் லண்டனில் கார் மோதி இறந்துபோனார். நம்ம சென்னையின் எல். சுப்ரமணியம், எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வயலினே போதும் என்று போனவர். 1985லேயே அவருடைய 'ஃபேன்டசி ஆன் வேதிக் சான்ட்ஸ்' நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் ஜூபின் மேத்தா நடத்த அரங்கேறியது.

இவர்களைத் தேடிப் படித்தபோது என்னை உலுக்கினது இசையை விட, வயிற்றுப்பாட்டுக்கு இவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான். நரேஷ் சோஹல் 1962ல் பஞ்சாபிலிருந்து லண்டன் போனவர். இசைப் பதிப்பகம் ஒன்றில் அடுத்தவன் எழுதிய நோட்டைப் பிரதி எடுக்கும் வேலை. 1982ல் அவருடைய 'தி வாண்டரர்' பிபிசி ப்ராம்ஸ் விழாவில் ஒலித்தது. வன்ராஜ் பாட்டியா பாரிசில் நாடியா புலான்ஜேயிடம் படித்தவர். அந்தம்மாவிடம் படித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ஊர் திரும்பி விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டார், 'அங்கூர்', 'பூமிகா' என்று பெனகல் படங்களுக்கு இசையமைத்தார். 2021ல் இறந்தார். அவருக்குள் இருந்த மேற்கத்திய இசைக்காரரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காரணம் ரொம்ப சிம்பிள். கவிஞனுக்கு ஒரு பேனா போதும். சிம்பொனி எழுதுறவனுக்கு எழுபது எண்பது பேர் வேணும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி நோட்டு, ஒத்திகைக்கு ஹால், மணிக்கணக்கில் சம்பளம். நம்ம நாட்டில் தொழில்முறையா ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, மும்பை என்சிபிஏவில், வந்ததே 2006ல்தான். அதுவரைக்கும் எழுதினவன் பெட்டியில் வெச்சுப் பூட்ட வேண்டியதுதான்.

பண்ணைபுரத்துக்காரர் இதைத் தாண்டியது எப்படி என்பது ஒரு தனி ஆச்சரியம். அவருக்கு ஆர்க்கெஸ்ட்ரா கோடம்பாக்கத்தில் கிடைத்தது. சோறு போட்ட சினிமாவே வயலின்களையும் செல்லோக்களையும் கொடுத்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றது, டிரினிட்டி கிதார் பரீட்சை, 1976 'அன்னக்கிளி'க்குப் பிறகு தினமும் காலையில் எழுதி அன்றைக்கே வாசித்துக் கேட்டுவிடும் பழக்கம். எந்தக் கன்சர்வேட்டரி மாணவனுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? 1986ல் 'ஹவ் டு நேம் இட்'. அதில் பாக்கை வீட்டில் சந்தித்தேன் என்று ஒரு துண்டுக்குப் பெயர். பாக்கின் வயலின் பார்ட்டிட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு அவரோடு சரிக்குச் சரி பேசுவார். வி.எஸ். நரசிம்மன் வயலின். மாமா அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டார். பாக் யாரென்று தெரியாது. "இந்த ஆளு எதிர்ப்பாட்டு பாடுறான்டா, கூத்துல நாங்க பண்ற மாதிரி" என்பார். இதைவிட நல்ல விமர்சனம் நான் படிச்சதில்லை. 2005ல் புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு திருவாசகம் வந்தப்போ, சிடியை வாங்கிக்கொடுத்தேன். முழுசும் கேட்டுட்டு, "நல்லாருக்கு. அது எப்ப வரும்?"

அது வரவில்லை. வந்தது வேறொன்று. 81 வயதில், 35 நாளில் எழுதினதாக அவரே சொன்ன நான்கு பாகங்கள். வாசித்தது ராயல் ஃபில்ஹார்மோனிக் கன்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா, நடத்தியவர் மைக்கேல் டாம்ஸ். 'முதல்' பட்டம் இல்லாமலே இது போதும் என்பது என் கட்சி. நண்பன் ஒருத்தன் ஒத்துக்கொள்ளாமல் ரெண்டு நாள் பேசவில்லை :)

ஷிப்ட் முடிஞ்சு வல்லம் வடகால் பக்கமா கம்பெனி பஸ் வந்தது. யமஹா ஃபேக்டரியைத் தாண்டும்போது போர்டைப் பார்த்தேன். அந்த லோகோவில் இருப்பது மூன்று சுருதிக் கவைகள். 1887ல் பள்ளிக்கூட ஆர்மோனியம் ஒன்றை ரிப்பேர் செய்யப்போன ஜப்பான்காரர் ஆரம்பித்த வாத்தியக் கம்பெனி அது. பைக் பிரிவு 1955ல் தனியாப் பிரிந்தது. இத்தனை வருஷம் அந்த வழியா போறேன், அன்னிக்குத்தான் கண்ணில் பட்டது.

சென்னை திரும்பியதும் ராஜா, செல்போன் துண்டுகளை டவுன்லோட் பண்ணிக் கேட்காதீங்க, நேரில் கேட்கணும் என்றார். நான் ஏற்கெனவே ரெண்டு நிமிஷம் கேட்டுட்டேன். கைதட்டல்தான் நிறைய கேட்டது.

மாமாவோட ஆர்மோனியம் இப்ப எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. துருத்தி கிழிஞ்சுபோச்சு. தங்கமணி தினமும் எடைக்குப் போடச் சொல்றாங்க. காஞ்சிபுரம் பக்கம் சரிபண்றவர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே.