கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் நெருப்பு

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் (1852-1870) முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக எழுந்தது அது. அன்று நல்ல தண்ணீர் என்றால் பார்க்கத் தெளிவாக, குடிக்க ருசியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்!

இன்று அது போதாது. முத்தரையர்பாளையத்துக்குப் பக்கத்துத் தட்டாஞ்சாவடியில் இப்போது தொழிற்பேட்டை இருக்கிறது, நெருக்கமாக வீடுகளும் இருக்கின்றன. புதுச்சேரி நகரம் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர். அந்த நீரில் ஈயமோ ஆர்செனிக்கோ கலந்திருந்தால் நிறம் மாறாது, வாசனை வராது, நாக்குக்கும் தெரியாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

விடை தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான், அதுவும் ஒரு தண்ணீரில்தான். 1860-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் புன்சன், கிர்ஹோஃப் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் ஊற்று நீரைச் செறிவாக்கிச் சுடரில் காட்டி, அந்த ஒளியை முப்பட்டகம் வழியே பிரித்துப் பார்த்தார்கள். அதுவரை யாரும் பார்த்திராத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. புதிய தனிமம்! பெயர் சீசியம். அதன் உப்பு ஏழு கிராம் அளவுக்குக் கிடைக்க சுமார் 44,000 லிட்டர் நீரை வற்றவைக்க வேண்டியிருந்தது. ஆனால் அது இருக்கிறது என்று சொல்ல செறிவாக்கிய நீரில் ஒரு சொட்டும் ஒரு சுடரும் போதுமானதாக இருந்தன.

தத்துவம் எளிமையானது. உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தால் தீ மஞ்சளாகிறதல்லவா? அது சோடியத்தின் நிறம். சூடேறிய ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறங்களையே உமிழும். எந்த நிறம் என்பது பெயரைச் சொல்லும், எவ்வளவு பிரகாசம் என்பது அளவைச் சொல்லும்.

ஆனால் பல தனிமங்களுக்குச் சாதாரணச் சுடரின் சூடு போதவில்லை. 1960-களின் நடுவில் இங்கிலாந்தில் கிரீன்ஃபீல்டும் அமெரிக்காவில் ஃபாஸலும் தனித்தனியாக வழி கண்டார்கள். குவார்ட்ஸ் குழாயில் ஆர்கான் வாயுவைச் செலுத்தி, அதைச் சுற்றிய செப்புச் சுருளில் உயர் அதிர்வெண் மின்சாரம் பாய்ச்சினால் வாயுவே பிளாஸ்மாவாகிவிடும். சூடு 6,000 முதல் 10,000 டிகிரி வரை, அதாவது சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம்! தண்ணீரைப் பனிபோலத் தெளித்து அதற்குள் அனுப்பினால் பல தனிமங்களை ஒரே ஓட்டத்தில் அளந்துவிடலாம். இதுதான் ஆய்வுக்கூடங்களில் ஐ.சி.பி. என்று சொல்லப்படும் கருவி. 1970-களின் நடுவில் விற்பனைக்கு வந்தது.

சரி, கருவி வந்துவிட்டது, கவலை தீர்ந்ததா? வங்காளத்தின் கதை 'இல்லை' என்கிறது.

குளத்து நீரால் காலரா பரவுகிறது என்று அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நீர் பளிங்குபோல இருந்தது. 1983-ல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் தோலில் புள்ளிகளையும் தடிப்புகளையும் பார்த்து, காரணம் ஆர்செனிக் என்று கண்டறிந்தார். அது எந்தத் தொழிற்சாலையும் கொட்டியதல்ல. மண்ணிலேயே இருந்து நீரில் கரைந்தது.

அடுத்த நாட்டில் நடந்ததுதான் பெரிய சோகம். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்தில் 150 கிணறுகளின் நீரைச் சோதித்து 1992-ல் அறிக்கை தந்தது. பல தனிமங்களை அளந்திருந்தார்கள். ஆர்செனிக்கை மட்டும் தேடவில்லை! அதை அளக்கும் முறைகள் அப்போதே இருந்தன. பட்டியலில்தான் அதன் பெயர் இல்லை. 1993-ல் அந்நாட்டுக் கிணறுகளில் ஆர்செனிக் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் நடந்த பெரிய ஆய்வு, சுமார் மூன்றரைக் கோடிப் பேர் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் ஆர்செனிக் உள்ள நீரைக் குடிப்பதாக மதிப்பிட்டது. வழக்கு இலண்டன் வரை போனது. அந்த நிறுவனத்துக்குச் சட்டப் பொறுப்பு இல்லை என்று 2006-ல் தீர்ப்பு வந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்செனிக்கின் ஒளி புறஊதாப் பகுதியில் விழுவது, மங்கலானது. அதனால் அதை முதலில் வாயுவாக மாற்றிப் பிளாஸ்மாவுக்குள் அனுப்பும் முறையும் தேவைப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1993-ல் ஆர்செனிக்கின் வரம்பை லிட்டருக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. இந்தியத் தரமும் பின்னர் அந்த அளவுக்கு வந்தது. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றில் மொத்தம் 10 மில்லிகிராம், ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லை! 0.05-க்குக் கீழே பார்க்க முடியாத கருவி "கண்டறியப்படவில்லை" என்று எழுதினால், 0.03 இருக்கும் நீரும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆகவே தட்டாஞ்சாவடி போர்வெல்லுக்கானாலும் வேறெந்த ஊர்க் குழாய்க்கானாலும், பரிசோதனை அறிக்கை கைக்கு வந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். எந்தெந்தத் தனிமங்களைத் தேடினார்கள்? எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரியும்? இந்த இரண்டும் இல்லாத அறிக்கை, ஆயி மண்டபக் காலத்து நாக்கைவிடப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது.