மீன் இல்லாத மீன்

இறால், நண்டு, சிங்கி இறால், சிப்பி, மட்டி: இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர், 'ஷெல்ஃபிஷ்'. நேராகச் சொன்னால் 'ஓட்டு மீன்'. ஆனால் இவற்றில் ஒன்றுகூட மீன் இல்லை!

பிழை சொல்லில் இல்லை. 'ஃபிஷ்' என்பதன் பொருள்தான் பின்னாளில் சுருங்கிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் நீரில் வாழும் எந்த உயிரும் 'ஃபிஷ்' தான். அக்காலத்துச் சொல்லான 'ஷில்ஃபிஷ்' என்பதே இன்றைய வடிவத்தின் மூலம். ஸ்டார்ஃபிஷ், ஜெல்லிஃபிஷ் என்ற பெயர்களிலும் அந்தப் பழைய, அகன்ற பொருளே நிற்கிறது. முன்னதை நாம் 'நட்சத்திர மீன்' என்கிறோம். தமிழில் மீன் என்றாலே விண்மீனும்தான் என்பதால், அது 'மீன் மீன்' ஆகிவிடுகிறது!

'க்ரேஃபிஷ்' கதை வேறு. நன்னீரில் வாழும் இறால் போன்ற அவ்வுயிருக்குப் பழைய பிரெஞ்சில் 'க்ரெவிஸ்' என்று பெயர். ஆங்கிலேயர் காதில் கடைசி அசை 'ஃபிஷ்' என்று விழுந்தது; எழுத்தும் அப்படியே மாறிப்போனது. இங்கே மீனுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, கேட்டவர் காதுதான் காரணம்.

உணவுப் பொட்டலத்தில் ஷெல்ஃபிஷ் ஒவ்வாமை எச்சரிக்கையைக் கண்டால், அது வஞ்சிரத்தையோ நெத்திலியையோ குறிப்பதில்லை. இறாலையும் நண்டையும், வெளியே ஓடே இல்லாத கணவாயையும் குறிக்கலாம்.