பாலிஃபீமஸ்: பட்டு தர வந்த அந்துப்பூச்சியின் கதை

பட்டு என்றதும் மல்பெரி இலை தின்னும் புழுதான் நினைவுக்கு வரும். வட அமெரிக்கக் காடுகளிலும் ஒரு பட்டுப்பூச்சி உண்டு. பெயர் பாலிஃபீமஸ். சிறகை விரித்தால் 15 செ.மீ. வரை இருக்கும். பின் சிறகுகளில் கண் போன்ற பெரிய புள்ளிகள் இருப்பதால் கிரேக்கப் புராணத்தின் ஒற்றைக்கண் அரக்கனுடைய பெயர் வைத்துவிட்டார்கள். இந்தியாவின் டசர் பட்டுப்பூச்சிக்கு இது நெருங்கிய சொந்தம்.

வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது! ஒரு வாரம் போல வாழும், இணை சேரும், முட்டையிடும், அவ்வளவுதான். தின்பதெல்லாம் புழுவாக இருக்கும்போதுதான். ஓக், மேப்பிள் இலைகளைத் தின்னும் இந்தப் புழு, பிறந்தபோது இருந்த எடையைப் போல 86,000 மடங்கு உணவை 56 நாட்களில் தின்றுவிடும் என்று கணக்குப் போட்டவர் எத்தியேன் லியோபோல்ட் ட்ரூவலோ.

இவர் பிரான்சிலிருந்து வந்து, பாஸ்டன் அருகே மெட்ஃபோர்டில் குடியேறிய ஓவியர். அப்போது ஐரோப்பாவில் பட்டுப்புழுக்கள் நோயால் செத்துக்கொண்டிருந்தன. பாலிஃபீமஸ் கூட்டிலிருந்து அறுபடாத இழை எடுக்கலாம் என்பதால் இதையே வளர்க்கலாம் என்று இறங்கினார். 1865 வாக்கில், 5 ஏக்கர் புதர்களுக்கு வலை போட்டு, பத்து லட்சம் புழுக்கள் வரை வளர்த்தாராம். வலையைக் கிழித்துக்கொண்டு பறவைகள் நுழைந்தது தனித் தலைவலி.

அதோடு நின்றிருக்கலாம். 1868, 69 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து ஜிப்சி அந்துப்பூச்சியையும் கொண்டுவந்தார். அதில் சில தப்பிவிட்டன. இருபது வருடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 1889-ல் மெட்ஃபோர்டு மரங்கள் மொட்டையாயின. புழுக்கள் வீட்டுச் சுவர்களிலெல்லாம் ஊர்ந்தன. ட்ரூவலோ அதற்கு முன்பே பிரான்சுக்குத் திரும்பிவிட்டார்.

இதை ஒழிக்க 1906-ல் காம்ப்சிலூரா என்ற ஐரோப்பிய ஈயை இறக்கினார்கள். இதன் குஞ்சு கம்பளிப்புழுவின் உடலுக்குள் இருந்தே அதைத் தின்று வளரும். சிக்கல் என்னவென்றால், ஜிப்சிக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறைதான், ஈக்கோ பல. மீதி மாதங்களில் அது எங்கே போகும்? உள்ளூர்ப் புழுக்களிடம்தான். பாலிஃபீமஸின் குடும்பத்தைச் சேர்ந்த செக்ரோபியா புழுக்கள் 500-ஐ மாசசூசெட்ஸ் மரங்களில் விட்டுப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளியானது. ஒன்றுகூடக் கூடு கட்டும் வரை பிழைக்கவில்லை. சாவுக்குப் பெரிய காரணம் இந்த ஈதான்.

ஜிப்சி என்ற பெயர் ரோமா மக்களை இழிவுபடுத்துகிறது என்று 2022-ல் அந்தப் பூச்சியின் பெயரை 'ஸ்பாஞ்சி' என்று மாற்றினார்கள். ட்ரூவலோவோ பட்டை விட்டு, வானத்தை வரையத் தொடங்கிப் புகழ்பெற்றார். நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர்தான்.