மனையணி: மூன்று வினைச்சொற்களின் வரலாறு

மண், மரம், நார், ஓலை, வேர் முதலிய இயற்கைப் பொருள்களைக் கொண்டு வீட்டை அணிசெய்தல் வேண்டும் என்னும் கருத்து இந்நாளில் ஒரு புதுமையாகப் பேசப்படுகின்றது. சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாத அழகே அழகு என்று நகரத்தார் இப்போது கூறத் தொடங்கியுள்ளனர். தமிழர் மனையணியின் பண்டை வரலாற்றை ஆராய்வார்க்கு இக்கருத்து புதிதன்று. ஆயின், 'முன்னோரும் இவ்வாறே செய்தனர்' என்று கூறி அமைவது ஆராய்ச்சியாகாது. அவர்கள் எதனை அணி என்று கருதினர், அவ்வணியின் உயிர்நிலை யாது என்பனவே ஆராயற்பாலன. வேய்தல், புனைதல், மெழுகுதல் என்னும் மூன்று வினைச்சொற்களின் வாயிலாக அதனைக் காணுதலும், அச்சொற்கள் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் தொடர்ந்து வாழ்ந்துவந்த நெறியைக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகளின் இயல்பு

மனையணி பற்றி அகழ்வாராய்ச்சி தரும் சான்று குறைவு. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழ்வு செங்கற் கட்டடங்களையும் தொட்டிகளையும் அயல்நாட்டு மட்கலங்களையும் வெளிப்படுத்திற்று. 2015 முதல் நிகழ்ந்த கீழடி அகழ்வுகளில் செங்கற் சுவர்களும், உறைகிணறுகளும், நீர் வடிதற்கென விரலாற் பள்ளம் வரையப்பெற்ற கூரையோடுகளும் கிடைத்தன. சுட்ட மண் நிலைத்தது. சுடாத மண்ணும், ஓலையும், பூவும், மணலும் மண்ணோடு மண்ணாயின. மனையணியிற் பெரும்பகுதி இவ்வாறு அழியும் பொருள்களால் அமைந்தமையின், அதனைத் தேடுவார்க்குச் சொல்லே அகழ்களமாகின்றது.

வேய்தல்

வேய்தல் என்பது கூரை போடுதலைக் குறிக்கும். பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டிருந்ததையும், பிறிதோர் குடில் புதிய வைக்கோலால் வேயப்பட்டிருந்ததையும் கூறுகின்றது. ஈந்திலைக் கூரைக்கு முள்ளம்பன்றியின் முதுகினை உருத்திரங்கண்ணனார் உவமை கூறினார். கூர்நுனி ஓலைகள் அடுக்கடுக்காகப் புறத்தே நீட்டி நிற்கும் கூரையைக் கண்டார்க்கே இவ்வுவமையின் நுட்பம் விளங்கும்.

இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. தலையிற் கண்ணி சூடுதலையும் வேய்தல் என்றே பண்டைப் புலவர் வழங்கினர். தமிழ்ப் பேரகராதியும், பர்ரோவும் எமனோவும் 1961 இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியும் இவ்விரு பொருளையும் ஒரே சொல்லின்கீழ்க் காட்டுகின்றன. மனையின் தலைக்கு ஓலையும் மாந்தர் தலைக்குப் பூவும் ஒரு வினையாற் கூறப்பட்டன. மழையைத் தடுத்தல் ஒருபயன், அழகு மற்றொருபயன் என அவற்றைப் பிரித்து எண்ணாத மனநிலை இதனாற் புலனாகின்றது.

புனைதல்

புனைதல் என்பதோ ஆக்குதல், தொடுத்தல், அணிசெய்தல் ஆகிய அனைத்திற்கும் பொதுவாக நின்றது. அகநானூற்றின் 136 ஆம் பாடலில் விற்றூற்று மூதெயினனார் திருமண வீட்டை ஒப்பனை செய்தலைப் 'புனைந்து' என்னும் சொல்லாற் குறித்தார். அவ்வீட்டுப் பந்தரின் சிறப்பு அங்கு நிறைந்திருந்த மணலே. அந்நூலின் 86 ஆம் பாடலிலும் நல்லாவூர் கிழார் ஒரு திருமண மனையைக் காட்டுகின்றார். வரிசையாகக் கால்கள் நட்ட பெரிய பந்தரில் கொண்டுவந்த மணல் பரப்பப்படுகின்றது, மனைவிளக்கு வைக்கப்படுகின்றது, மாலைகள் தொங்கவிடப்படுகின்றன. அவர் கூறும் மனையணி இம்மூன்றே. இவற்றுள் விளக்கு ஒன்றே மறுநாளும் நிற்பது. மாலை வாடும், மணல் கால்பட்டுக் கலையும்.

நெடுநல்வாடை அரண்மனையைப் பாடுவது. ஆதலின் ஆண்டுப் பொருட்செறிவு மிகுதி. செம்பினாற் செய்தாற் போன்ற சுவரில் பூங்கொடி எழுதப்பட்டிருக்கின்றது. கதவில் செவ்வரக்குப் பூசப்பட்டிருக்கின்றது. நிலையில் நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பப்பட்டுள்ளன. எனினும் நக்கீரர் நம் கருத்தை ஈர்ப்பது இப்பொருள்களால் அன்று, பருவத்தால். தொழில்தேர்ந்த கம்மியன் புனைந்த சிவந்த ஆலவட்டம் வாடைக்காலத்திற் பயனின்றிச் சுருக்கித் தொங்கவிடப்பட்டுள்ளது. அதன்மேற் சிலந்தி நூலிழைத்திருக்கின்றது. வேனிலில் தென்றலைத் தரும் சாளரங்கள் தாழிடப்பட்டுள்ளன. சந்தனம் அரைக்கும் கல் வாளா கிடக்கின்றது, அகிற்புகை எழுகின்றது. மழை மூடிய பொழுதில் மாலைவேளையை அறிதற்குப் பிச்சி மொட்டுகள் விரிதலை நோக்கி மகளிர் விளக்கேற்றுகின்றனர். மனைக்கண் இருந்த பூ அழகுப்பொருளாகவும் நாழிகை காட்டும் கருவியாகவும் நின்றது. வீடு பருவத்தோடு உடைமாற்றியது எனலாம்.

மெழுகுதல்

மூன்றாவது வினையாகிய மெழுகுதல் தரையைப் பற்றியது. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனை ஆன்சாணத்தால் மெழுகப்பட்டுள்ளது. முன்றிலில் குறுங்கால் பந்தரில் கன்று கட்டப்பட்டிருக்கின்றது. மெழுகுதற்குரிய பொருள் முன்றிலிலேயே உளது என்பதனை ஈண்டு நோக்குக. பட்டினப்பாலையில் கந்து நின்ற அம்பலத்தின் தரை மெழுக்கமிட்டு மலரால் அணியப்பட்டது. மனைக்கும் பொதுவிடத்திற்கும் அணி ஒன்றாகவே இருந்தது.

மெழுக்கோடு ஒருங்கு எண்ணத்தக்கது மணல். மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திரவிழாவை முன்னிட்டுப் புகார் நகரை அணிசெய்யுமாறு வள்ளுவன் முரசறைகின்றான். வாழை, கமுகு, கரும்பு, பூங்கொடி ஆகியன நடப்பெறுகின்றன, நிறைகுடம் வைக்கப்பெறுகின்றது, பழைய மணலை நீக்கிப் புதிய மணலைப் பரப்புமாறும் அவன் கூறுகின்றான். பொன்னாலாகிய பொருள்களும் அப்பட்டியலில் உள. அவற்றைப் புதுப்பிக்குமாறு அவன் கூறிற்றிலன். மணலுக்கே அவ்வாணை. மணல் விலையுயர்ந்ததன்று, அது புதியதாயிருத்தலே அதன் மதிப்பு.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழி முதற் பதிகத்தில் தைத்திங்களில் தரையைத் தூய்மை செய்து வட்டம் வரைதலும், நுண்ணிய மணலால் தெருவை அணிசெய்தலும் கூறப்படுகின்றன. அது அழகிற்காகச் செய்யப்பட்டதென்பதும் வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றது. பண்டை நூல்களில் வடிவு, அழகு, ஒப்பனை என்று பொருள்பட்ட கோலம் என்னும் சொல், தரையில் மாவால் வரைவதற்குச் சிறப்புப்பெயராகியது பின்னை வழக்கு. மணற்பரப்பும் மெழுக்கும் இணைந்த மரபின் வழித்தோன்றலே இன்றைய மாக்கோலம் எனக் கொள்ளுதற்கு இப்பாசுரம் இடந்தருகின்றது. காலையில் இட்டது மாலைக்குள் அழிதலும், மறுநாள் மீண்டும் இடப்படுதலும் இரண்டிற்கும் பொது.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. பண்டைத் தமிழர் மனையணியின் உயிர்நிலை பொருளில் அன்று, புதுப்பித்தலில் உள்ளது. வாங்கி வைக்கும் பொருள் பெயர்ச்சொல்லாற் கூறப்படும். நாள்தோறும் செய்யும் அணியோ வினைச்சொல்லாற் கூறப்படும்.

மனையிலிருந்து கோயிலுக்கு

இவ்வினைகள் மனையினின்று கோயிலுக்குச் சென்ற வரலாற்றைக் கடலூர் வட்டாரத்திலேயே காணலாம். திருவாமூரிற் பிறந்த திருநாவுக்கரசர் திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில், விடியுமுன் எழுந்து திருக்கோயிலைப் பெருக்கி, மெழுக்கிட்டு, பூமாலை புனைந்து வழிபடுமாறு நெஞ்சிற்கு அறிவுறுத்துகின்றார். அவர் தமக்கையார் திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் செய்த பணியும் அதுவே எனப் பெரியபுராணம் கூறும். துடைப்பம், சாணம், பூ என்னும் மூன்றும் ஒவ்வொரு மனையிலும் மகளிர் விடியலிற் கையாண்டவை. இல்லுறை மகளிர் மனைக்குச் செய்ததையே திலகவதியார் இறைவன் உறையும் மனைக்குச் செய்தார். பக்தி இயக்கம் புதிய சொற்களைப் படைக்காது வீட்டுச் சொற்களையே உயர்த்திக்கொண்டது.

வேய்தலுக்குத் தில்லை சான்று பகர்கின்றது. தில்லை என்னும் ஊர்ப்பெயரே உப்பங்கழியில் வளரும் ஒரு மரத்தின் பெயர். அம்மரம் பிச்சாவரத்துக் கழிக்காடுகளில் இன்றும் உள்ளது. கற்கோயில்கள் சூழ நின்றும், மரத்தால் அமைந்த சிற்றம்பலம் குடிலின் கூரை வடிவை விடவில்லை. முதற் பராந்தகன் (907–955) அதற்குப் பொன் வேய்ந்தான் எனச் சோழர் செப்பேடுகள் கூறுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தர பாண்டியன் 'கோயில் பொன்வேய்ந்த பெருமாள்' எனப் பெயர்பெற்றான். ஓலைக்கு உரிய வினை பொன்னுக்கும் ஆயிற்று. பொருள் மாறியும் வினையும் வடிவும் மாறவில்லை. கல்வெட்டில் இது 'மேய்ந்த' எனவும் காணப்படும். இவ்வட்டாரச் சிற்றூர்களில் 'கூரை மேய்தல்' என்று உழவர் கூறுவதைக் கேட்டுப் பிழையெனக் கருதுவார் இக்கல்வெட்டு வழக்கை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

வறுமையும் விருப்பும்

ஈண்டு ஒரு தடை எழும். எயினர் ஈந்திலை வேய்ந்தது அழகு கருதியோ? அன்று. அவர்க்கு எளிதிற் கிடைத்தது அது. நக்கீரர் காட்டும் அரசமாதேவியின் மனையில் அரக்கும் அகிலும் விரும்பித் தேர்ந்து கொள்ளப்பட்டவை. இவ்விரண்டையும் 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என ஒரு பெயரால் வழங்குதல் பொருந்தாது. இன்று ஓலையையும் மண்சுவரையும் போற்றுவோர் பலர் அவற்றை விரும்பித் தேர்பவர். அவற்றுள் வாழ்ந்தோரோ தேரும் உரிமை இல்லாதவர். 2011 டிசம்பர் 30 இல் 'தானே' புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான கூரைவீடுகள் சிதைந்தன. தீயும் புயலும் ஏழையின் கூரையையே முதலில் நாடும். ஆதலின், குடிசைகளைக் காரை வீடுகளாக மாற்ற 2010 இல் வகுக்கப்பட்ட அரசுத் திட்டமும், 2030 க்குள் குடிசையில்லாத் தமிழகம் காணும் குறிக்கோளுடன் 2024 இல் அறிவிக்கப்பட்ட திட்டமும் வரவேற்கத்தக்கனவே. குடிசை நிலைபெறல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று.

எனினும் கூரையோடு போவது ஓலை மட்டும் அன்று. கீற்று முடைதல், விழல் மேய்தல், வரிச்சு, முகடு, இறவாரம் எனத் தொடரும் சொற்குடும்பமும் உடன்போகின்றது. சங்க நூல்கள் 'இறை' என வழங்கும் கூரைச்சாய்ப்பின் பொருளை இறவாரம் என்னும் பேச்சுச்சொல்லே நமக்கு உயிரோடு காட்டிவந்தது. முள்ளம்பன்றி உவமையை நாளைய மாணவர் அகராதி கொண்டு உணர்தல் அரிது.

ஒருபுறம் சொல் தேய்கின்றது. மற்றொருபுறம் பொருள் புதுவாழ்வு பெறுகின்றது. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு முதலிய கடற்கரையூர்களின் மணற்பாங்கான நிலத்தில் வெட்டிவேர் பயிராகின்றது. வெட்டி எடுக்கப்படும் அவ்வேரின் தமிழ்ப்பெயர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புகுந்ததோடு, நிலைத்திணை நூலாரின் பெயரீட்டிலும் இடம்பெற்றது. வேனிலில் வாயிலில் தட்டியாகக் கட்டி நீர் தெளித்தால், ஈரம் ஆவியாகும்போது உட்புகும் காற்றுக் குளிரும், மணமும் கமழும். நக்கீரர் பாடிய தென்றற் சாளரமும் ஆலவட்டமும் செய்த தொழிலை இத்தட்டி செய்கின்றது. பருவம் முடிந்ததும் அதனைக் கழற்றிவிடுவர். நொச்சிக்காடு என்னும் ஊர்ப்பெயரும் கருதத்தக்கது. நொச்சியைச் சங்கப் புலவர் மனையைச் சார்ந்து நின்ற மரமாகவே பலவிடத்தும் பாடினர். கடலூரை அடுத்த வண்டிப்பாளையத்திலும் பண்ணுருட்டியிலும் வனையப்படும் மண்பொம்மைகள் ஆண்டுக்கொருமுறை கொலுவில் ஏறி இறங்குகின்றன. ஆண்டுதோறும் புதுப்பொம்மை ஒன்றேனும் சேர்த்தல் வழக்கம். இவை யாவும் புதுப்பித்தல் என்னும் பழைய நெறியிலேயே நிற்கின்றன.

முடிபு

வேய்தல் மனையின் தலைக்கும், புனைதல் அதன் உடலுக்கும், மெழுகுதல் அதன் அடிக்கும் உரிய அணியாயின. மூன்றும் மண்ணுக்குத் திரும்பும் பொருள்களைக் கொண்டு, மீண்டும் மீண்டும் செய்யப்பட்டவை. அழியாப் பொருளைச் சேர்த்துவைத்தல் அன்று, அழிவதை நாள்தோறும் புதிதாக்குதலே அணி என்பது இவற்றாற் போதரும் கருத்தாகும். அவ்வாறு நாள்தோறும் புதிதாக்கியோர் பெரும்பாலும் பெண்டிர் என்பதும், அவர்தம் உழைப்புக்கு இலக்கியம் வினைச்சொல்லளவிலேயே இடமளித்தது என்பதும் உடன் எண்ணற்பாலன.

முதுகலை மாணவர்க்கு இதிலிருந்து ஒரு பணி பிறக்கின்றது. கூரை மேய்வோர், கீற்று முடைவோர், பாய் நெய்வோர், வெட்டிவேர்த் தட்டி கட்டுவோர், மண்பொம்மை வனைவோர் ஆகியோரின் தொழிற்சொற்களை ஊர்தோறும் சென்று, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே தொகுத்தல் வேண்டும். முதியோர் பலர் இன்றும் அவற்றை அறிவர். பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் உ. வே. சாமிநாதையர் 1889 இல் பதிப்பித்ததனால் ஏட்டுச் சுவடியிலிருந்த சொற்கள் நமக்கு எய்தின. நாவளவில் நிற்கும் சொற்களோ ஏட்டிற்கு இன்னும் வரவில்லை. அவை வந்தால் உரையாசிரியர் கூறாது விட்ட இடங்கள் பல தெளிவுறும்.