1942: வானம் பார்த்த கண்ணும் ஊரைக் கலைத்த சொல்லும்

பூவிருந்தவல்லி, ஆவடிப் பகுதிகளில் வளர்ந்த நாம் பாட்டிமார் வாயிலாகக் கேட்ட சொல் ஒன்று உண்டு: 'எவாக்குவேஷன்'. எழுத்தறியாதவரும் தடுமாறாமல் உச்சரித்த ஆங்கிலச் சொல் அது. 1942 ஏப்ரலில் சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரைவிட்டு வெளியேறியதைக் குறிப்பது. அந்த அச்சத்தின் வேரைத் தேடினால் இலங்கைக் கரைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 4 அன்று, கனடிய விமானி லெனார்ட் பிர்ச்சால் இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் கம்பியில்லாத் தந்தியில் செய்தியும் அனுப்பிவிட்டார். கொழும்பில் ரேடார் நிலையமும் இருந்தது. ஆயினும் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்த பின்னரே இரத்மலானையிலிருந்து போர் விமானங்கள் கிளம்பின.

ரேடாரைத் தமிழில் 'கதுவீ' என்பர். அது அனுப்பும் அலை, 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விமானத்தில் பட்டுத் திரும்ப ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகும். அதன்பின் மனிதர்களின் வேலை தொடங்குகிறது. திரையைப் பார்ப்பவர், தொலைபேசியில் சொல்பவர், கேட்டு ஆணையிடுபவர் என அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பயனில்லை.

ஏப்ரல் 9 அன்று, இலங்கையின் வடகிழக்கே திருகோணமலையில் சங்கிலி அறவில்லை. காலை 7 மணியளவில், சுமார் 90 கடல்மைல் தொலைவிலேயே ரேடார் எதிரியைக் கண்டுகொண்டது. போர் விமானங்கள் முன்கூட்டியே மேலெழுந்தன. கப்பல்கள் முந்தைய இரவே துறைமுகத்தைவிட்டு அனுப்பப்பட்டிருந்தன. எனினும் துறைமுகம் சேதமுற்றது. வெளியேறிய கப்பல்களுள் ஒன்றான ஹெர்மிஸ், விமானக் காவலின்றி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண் எட்டிய தூரம் கை எட்டவில்லை.

இதற்கிடையே ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்து, ஜப்பானியப் படை சென்னையை நெருங்குகிறது என்றொரு பிழையான செய்தி வந்தது. அரசு மக்களை வெளியேறச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. குண்டுவீச்சில் கூண்டுடைந்து வெளிவரக்கூடும் என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படையோ வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளை வீசிச் சென்றதோடு சரி.

கொழும்பில் மெய்ச்செய்தி உரிய வேளையில் விமானிகளை எட்டவில்லை. சென்னையிலோ பொய்ச்செய்தி வீடுதோறும் எட்டிவிட்டது. ரேடார் கண்டதையும் காணாததையும் போர் வரலாறுகள் மணிக்கணக்கோடு குறித்து வைத்துள்ளன. சமைத்த சோற்றை அப்படியே விட்டு வண்டியேறிய குடும்பங்களின் கதை, அந்த ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை நேரில் அறிந்தவர்கள் இன்று மிகச் சிலரே. எஞ்சியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நம் கடன்.