புழுதிச் சுழலைக் கணக்கிட்டவர்கள்

விரைந்து செல்லும் பேருந்தின் பின்னால் புழுதியும் காகிதத் துண்டுகளும் சுழன்று எழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றின் ஓட்டத்துக்கு உரிய சமன்பாட்டை 1822-இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் நவியேயும், 1845-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டோக்சும் தந்துவிட்டனர். (வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினால், “தேர்வுக்கு வருமா, சார்?” என்பதுதான் முதல் கேள்வி.) சமன்பாடு கையில் இருந்தும் விடை கிடைக்கவில்லை. ஏன்?

ஜப்பானிய அறிஞர் கவாகுச்சி செய்த வேலையைப் பாருங்கள். ஓட்டத்தின் குறுக்கே ஓர் உருளை. அதைச் சுற்றியுள்ள இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பை ஊகித்துக்கொள்ள வேண்டும். அண்டைப் புள்ளிகளோடு சமன்பாடு பொருந்தும்வரை அதைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். துணைக்கு மேசைமேல் வைக்கும் பல்சக்கரக் கணக்கீட்டு இயந்திரம். வாரம் 20 மணி நேரமாக, ஒன்றரை ஆண்டு உழைப்பு! 1953-இல் வெளியான அந்த விடை, ரெனால்ட்ஸ் எண் 40 என்ற ஒரே நிலைக்கு உரியது. வேகம், பருமன் இவற்றின் பெருக்கத்தைப் பாய்மத்தின் பாகுநிலையோடு ஒப்பிடுவதே இந்த எண். 1 செ.மீ. தடிமனுள்ள குச்சியை நொடிக்கு 6 செ.மீ. வேகத்தில் காற்றில் நகர்த்துங்கள், 40 வந்துவிடும். அங்கே கொந்தளிப்பே கிடையாது. குச்சியின் பின்னால் இரண்டு சுழல்கள் சாதுவாக ஒட்டிக்கொண்டிருக்கும். பேருந்துக்கோ இந்த எண் பல இலட்சம்!

1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஃபிராமும் ஹார்லோவும், தடையின் பின்னால் சுழல்கள் மாறி மாறிக் கழன்று செல்வதைக் கணிப்பொறியில் வரவழைத்தனர். ஆனால் அது இரு பரிமாணக் கணக்கு. உண்மைக் கொந்தளிப்பு முப்பரிமாணத்தில் நிகழ்வது. பெரிய சுழல் உடைந்து சிறிதாகி, அதுவும் உடைந்து, கடைசியில் பாகுநிலையால் வெப்பமாகிவிடுகிறது. மிகச் சிறிய சுழலையும் பிடிக்கக் கட்டம் அவ்வளவு நுண்மையாக இருக்க வேண்டும். ரஷ்ய அறிஞர் கொல்மகோரவ் 1941-இல் தந்த கருத்துப்படி, வேகம் இரு மடங்கானால் கணக்கு வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும்.

1987-இல் கிம், மொயின், மோசர் ஆகிய மூவரும் ஏறத்தாழ 40 இலட்சம் புள்ளிகளில், எந்தச் சுழலையும் விட்டுவிடாமல் கணக்கிட்டனர். காரைச் சுற்றியா, விமானத்தைச் சுற்றியா? இரண்டும் இல்லை, இரு தட்டைச் சுவர்களுக்கு இடையே!

அப்படியானால் காருக்கு என்ன வழி? வானிலை ஆய்வாளர் ஸ்மகோரின்ஸ்கி 1963-இலேயே ஒரு வழி காட்டியிருந்தார். பெரிய சுழல்களைக் கணக்கிடு. கட்டத்தைவிடச் சிறியவற்றின் விளைவை மதிப்பிட்டுச் சேர் என்பதே அது. இன்று திரையில் நீங்கள் காணும் வண்ணப் படங்களில் பெரும்பாலானவை இத்தகைய மதிப்பீடு ஏதோ ஒன்றைச் சார்ந்தவை. ஆகவே புதிய விமானத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்த பிறகே பறக்க விடுகிறார்கள்.